செர்ரிப் பலகையில் ஒரு பெயர்

எர்லாங்கன்
2024 நவம்பர் 3, ஞாயிறு, காலை 7.40

அக்கா,

நேற்றுப் பின்னேரம் தொடக்கம் நான் எடுத்த அழைப்புகள் பத்தொன்பது. நீங்கள் பதில் சொன்னவை பூச்சியம். வட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். ஆகவே கடிதம். பத்து வருடம் சனிக்கிழமைகளில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நீங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பாதிப் பொறுப்பு உங்களுக்கு.

பத்மா அக்கா கோயிலிலிருந்து ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தா. பாதி அழுகை, பாதி ஏச்சு. "டேய் கவிஷன், உன்ர அத்தான் செத்துப்போனாரெண்டு உனக்கு ஆர் சொன்னது? கொக்கா சாரங்கா கோயிலில நிண்டு நடுங்கிறா." அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் இங்கே ஒரு கூட்டத்தோடு சேர்ந்து இரண்டு வருடம். என்னோடு ஏழு பேர். கிறிஸ்தவம் வருவதற்கு முன் இந்த நாட்டில் கும்பிட்ட பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறோம். வருடத்தில் எட்டு நாள், வால்பெர்லா குன்றின் அடியில் ஊவே என்பவரின் செர்ரித் தோட்டத்தில் கூடுவோம். ஊவே கூரை போடுபவர். ஹைக்கே என்ற தாதி முன்னின்று நடத்துவா. மாட்டுக் கொம்பில் தேன்மது ஊற்றி வட்டமாகக் கைமாறும். முதற்சுற்று தெய்வங்களுக்கு. இரண்டாம் சுற்று இறந்தவர்களுக்கு. மூன்றாம் சுற்றில் அவரவர் வாக்கு. கொம்பைக் கையில் வைத்துச் சொன்ன சொல் சொன்னதுதான்.

நவம்பர் முதலாம் திகதி இறந்தோரின் நாள். அவரவர் ஆட்களின் பெயரை ஒரு செர்ரிப் பலகையில் செதுக்கினோம். நான் அம்மாவின் பெயரைச் செதுக்கினேன். முனையில் இன்னும் இடம் இருந்தது. அத்தானின் பெயரையும் செதுக்கினேன். கொம்பை வாங்கி "ரஜிதன்" என்று சொல்லி நிலத்தில் ஊற்றினேன். யாரோ பலகையைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். தமிழ் எழுத்து அழகாக இருந்ததாம். அது எப்படி உங்கள் நொய்கெல்ன்வரை வந்தது என்று எனக்குத் தெரியாது. படத்தை நீக்கச் சொன்னேன், நீக்கியாயிற்று.

இப்போது நேரே சொல்கிறேன். 2009 மே 17 அன்று, போரின் கடைசி நாட்களில், இராணுவச் சாவடியில் பெயர் பதியவேண்டும் என்று கூப்பிட்டு அத்தானை பஸ்ஸில் ஏற்றினார்கள். இன்றைக்கு 5649 நாள். ஒரு கடிதம் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. சாத்திரியார் கதிர்காமநாதன் மட்டும் வருடா வருடம் "ஆள் உயிரோடை இருக்கிறார்" என்கிறார். ஆள் இருக்கிற திசை என்று இதுவரை மூன்று திசை சொல்லிவிட்டார். அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கருவி மூன்று தரம் மூன்று அளவு காட்டினால் அதைக் குப்பையில் போடுவோம்.

இந்த நாட்டுப் பழைய கதை ஒன்று. பால்டர் என்று ஒரு தேவன். எல்லோருக்கும் பிடித்தவன். செத்துப்போனான். பாதாளத்தின் அரசி சொன்னாள்: உலகத்தில் உள்ளதெல்லாம் அவனுக்காக அழுதால் திருப்பித் தருகிறேன். கல் அழுதது, மரம் அழுதது, இரும்பு அழுதது. குகையில் இருந்த ஒருத்தி மட்டும் அழமாட்டேன் என்றாள். அவன் வரவே இல்லை.

நீங்கள் ஒரு நாளும் அழவில்லை அக்கா.

டிசம்பர் 21, பகல் மிகக் குறைந்த நாள். அன்று அந்தப் பலகையை நெருப்பில் இடுவோம். புகையோடு அவர்கள் போய்ச் சேர்வார்கள். அத்தோடு எல்லாருக்கும் நிம்மதி.

போனை எடுங்கள்.

கவிஷன்


நொய்கெல்ன், பேர்லின்
9.11.2024

தம்பி கவிஷனுக்கு,

உன் கடிதம் சூரன்போர் அன்றைக்கு வந்தது. ஆறு நாள் விரத வயிற்றோடு அதை வாசிக்கக்கூடாது என்று, பாறணை முடித்துத்தான் உடைத்தேன். போனை எடுக்கமாட்டேன். உன் குரலைக் கேட்டால் ஒன்றில் ஏசுவேன், இல்லையென்றால் சாப்பிட்டாயோ என்று கேட்டுவிடுவேன். இரண்டும் இப்ப வேண்டாம்.

நீ ஒழுங்காகச் சொன்னாய். நானும் சொல்கிறேன், கேள். கந்தசட்டி தொடங்கின நாள் கோயிலுக்குப் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்ற முதலே பத்மா ஓடி வந்து கையைப் பிடித்து, "எப்பயடி செய்தி வந்தது?" என்று அழுகிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைக் காட்டினாள். ஒரு பலகை, அதில் உன் எழுத்து. "பொடியன் விசர் வேலை பாத்திருக்கிறான், ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பூசை முடிந்து குங்குமத் தட்டு வந்தது. தட்டு வைத்திருந்த மனுசி என் நெற்றியைப் பார்த்தா, கழுத்தில் தாலியைப் பார்த்தா, தட்டைச் சற்று உயர்த்தி என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்கு நீட்டினா. கோபமாக இல்லை. இரக்கமாக. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு காலத்தில் என்னை ஒருத்தரும் அப்படித் தாண்டினது இல்லை.

விளங்குதோ உனக்கு? ஒரு கொம்புக் கள்ளை நிலத்தில் ஊற்றி நீ என்னை விதவையாக்கிப்போட்டாய்.

இனிப் பலகையை எரிக்கப் போகிறாயாம். எங்கள் ஆட்களிடம் பெயர் சொல்லி நெருப்பு வைப்பதற்கு என்ன பெயர்? கொள்ளி. அத்தானுக்குக் கொள்ளி வைக்க ஆர் உனக்கு உரிமை தந்தது? உடம்பைக் கண்டாயோ?

அந்தப் பால்டர் கதை. என்னைக் குகைக்காரி என்று சொல்ல இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கத் தேவையில்லை. இரண்டு தரம் வாசித்தேன். ஒன்று கேட்கிறேன். அவன் பாதாளத்தில்தான் இருக்கிறான் என்று மற்றவைக்கு எப்படித் தெரிந்தது? அரசி சொன்னதை ஆர் வந்து சொன்னது? அப்படியென்றால் ஆரோ போய்க் கண்ணால் கண்டிட்டு வந்திருக்க வேணுமே. அதை நீ எழுதவில்லை. அவனுக்கு மனுசி இருந்தாளோ, அவள் என்ன ஆனாள், அதையும் எழுதவில்லை.

அந்த ஆட்கள் ஆர்? வெள்ளைத் தோலைக் கும்பிடுகிற கூட்டமோ? பத்மா அப்படித்தான் சொல்கிறாள். "கவனம் எண்டு சொல்லு, அடிச்சுப்போட்டுக் காட்டுக்குள்ள போட்டாலும் ஆருக்குத் தெரியும்" என்கிறாள்.

21ஆம் திகதிக்கு முதல் அந்தப் பெயரை எடு. எப்படி என்பது உன் பாடு. நீதானே ரெக்னிக், தொழில்நுட்பம் எல்லாம் படித்தனி.

சாரங்கா அக்கா

குளிர் தொடங்கிவிட்டது. அந்தக் கறுத்த யக்கெற்றின் சிப் உடைந்திருந்ததே.


எர்லாங்கன்
14.11.2024, மாலை 6.30

அக்கா,

கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்.

வெள்ளைத் தோல்: அப்படி ஒரு கூட்டமும் இருக்கிறது. முதலில் விபரம் தெரியாமல் அவர்களுக்குத்தான் எழுதினேன். என் பூட்டன் எந்த ஊர் என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பினார்கள். கிளிநொச்சி என்று நிரப்பினேன். பதில் இல்லை. ஊவேயிடம் "நான் வரலாமா?" என்று கேட்டேன். "உனக்கு விறகு கொத்தத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான்.

கோயில் போதாதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள். கோயிலில் முதற்கேள்வி, ஆரின்ர மகன். இரண்டாவது, எப்ப கலியாணம். அதற்குப் பிறகு எல்லோரும் சொல்வது, பொறு தம்பி, நல்லது நடக்கும். ஒன்பது வயதிலிருந்து பொறுத்தேன். இங்கே தெய்வங்களே சாகிறார்கள். கடைசிப் போரில் தோற்பார்கள் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் காலையில் எழும்பித் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். நல்லது நடக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமைகளில் யன்னலில் ஒரு கிண்ணம் பியர் வைக்கிறேன். இன்றும் வைத்தேன். டோனருக்கு. இடியின் தெய்வம். ஒரு மின்னலில் எத்தனை அம்பியர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இடி இடித்தால் மேசைக்குக் கீழே போகிறேன், இருபத்துநாலு வயதில். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயர் சொல்லி ஒரு கிண்ணம் வைத்தால் கொஞ்சம் குறைகிறது. அளந்து பார்க்கவில்லை.

பால்டர்: ஓம், ஒருவன் போனான். பால்டரின் சகோதரன், ஹெர்மோட். ஒன்பது நாள் குதிரையில் இருண்ட பள்ளத்தாக்குகளைக் கடந்து, பாதாளத்தின் வாசலைத் தாண்டி, அவன் அங்கே இருப்பதைக் கண்ணால் கண்டு வந்தான். அந்தப் பகுதியை நான் விட்டுவிட்டேன். ஒளிக்கவில்லை, எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு அது ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. மனைவியின் பெயர் நன்னா. அவனைச் சிதையில் கிடத்தியபோது நெஞ்சு வெடித்துச் செத்தாள். சேர்த்து எரித்தார்கள். அதை உங்களுக்கு எழுத நான் விரும்பவில்லை.

அழுகை: நான் ஏசவில்லை. நம் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி ஒட்டவில்லை. அத்தானின் பேச்சு வந்தால் அழக்கூடாது, அழுதால் செத்துவிட்டார் என்று ஆகும். பேர்லினுக்கு வந்த முதல் வருடம், நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழ முயன்றேன். நீங்கள் கதவைத் தட்டி "என்ன செய்யிறாய்?" என்றீர்கள். "முகம் கழுவுறன்" என்றேன். அதோடு ஏலாமல் போய்விட்டது. இப்போது, நவம்பர் முதலாம் திகதி பகல் 3.15க்கு, அவர் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியாத ஆறு ஜெர்மன்காரர் நடுவில் எனக்கு அழுகை வந்தது. ஊவே என் யக்கெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தானைச் சாகடிக்க நான் ஊற்றவில்லை அக்கா. அவருக்காக அழ வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பலகையைப் பற்றி ஹைக்கேயிடம் கேட்டேன். கொம்பைப் பிடித்துச் சொன்ன சொல்லை எடுக்க முடியாது என்றா. நான் விடவில்லை. ஒரு வழி இருக்கிறதாம், ஆனால் இலகுவானது இல்லையாம். பிறகு எழுதுகிறேன்.

சிப் மாற்றிவிட்டேன்.

கவிஷன்


நொய்கெல்ன்
24.11.2024

தம்பி,

அந்தக் குளியலறைக் கதவு எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கிழமையாக யோசிக்கிறேன். நான் தட்டியிருப்பேன், தட்டாமல் இருக்கமாட்டேன். ஆனால் ஞாபகம் வரவில்லை. நீ அந்தப் பக்கம் நின்றிருக்கிறாய், நான் இந்தப் பக்கம். எனக்குத் தெரியாமல் போச்சுது.

நான் அழவில்லை என்று எழுதினாய். நான் துப்புரவு செய்கிற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் கம்பியூட்டர்கள் அடுக்கின அறை ஒன்று இருக்கிறது. அவை இரைகிற இரைச்சலில் உள்ளே நின்று கத்தினாலும் வெளியில் கேளாது. அந்த அறையைத் துடைக்கப் பத்து நிமிசம் தந்திருக்கினம். நான் நாலு நிமிசத்தில் துடைத்துவிடுவேன். மிச்ச ஆறும் என்னுடையது. செவ்வாய்க்குச் செவ்வாய், பதினொரு வருசம். மேற்பார்வை பார்க்கிற றெக்ஸ் அண்ணைக்கு மட்டும் தெரியும். மன்னார் ஆள், வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர். ஒன்றும் கேட்கமாட்டார். செவ்வாய்க்கிழமையில் அந்த மாடியை வேறு ஆளுக்குக் கொடுக்கவும் மாட்டார். ஒருநாள் மட்டும், "தங்கச்சி, கண்ணைக் கழுவிப்போட்டு வாங்கோ, மனேச்சர் நிக்கிறான்" என்றார். நீ ஊவே என்ற ஆளைப் பற்றி எழுதினபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். பிறகு கோபமும் வந்தது. என் தம்பி அழ, பிடித்துக்கொண்டு நிற்க ஆரோ ஒரு கூரைக்காரன்.

அவர் நாளைக்குக் கதவைத் தட்டுவார் என்று நினைத்துத்தான் நான் பொட்டு வைக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். சாத்திரியாரின் மூன்று திசையையும் நானும் எண்ணினேன். நான் விசரி இல்லை. ஆனால் அவர் தன் காலால் அந்த பஸ்ஸில் ஏறினவர். நான் கண்டேன், நீ கண்டாய். ஏற்றினவர்களிடம் பெயர் இருக்கிறது. "எங்கே?" என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நான் தாலியைக் கழற்றினால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆர் மிச்சம்? அவர்களுக்கு எவ்வளவு லேசாகப் போய்விடும்! நீ இதை நம்பிக்கை என்று நினைத்தாய். இது பிடிவாதம்.

உன் தெய்வங்களோடு எனக்குக் கோபம் இல்லை. தோற்போம் என்று தெரிந்தும் எழும்புகிற ஆட்கள் என்றாய், அது எனக்கும் பிடித்தது. ஆனால் உங்கள் வட்டத்தில் மூன்று சுற்றுத்தான். தெய்வம், செத்தவை, தாங்கள். காணாமல் போன ஆளை எந்தச் சுற்றில் வைப்பது? இடம் இல்லை என்று நீ அவரைக் கொண்டுபோய்ச் செத்தவர்களோடு இருத்திவிட்டாய்.

மூன்று வெள்ளி நான் கோயிலுக்குப் போகவில்லை. பெயரை எடுத்தாயோ?

அக்கா


எர்லாங்கன்
8.12.2024, காலை 9.00

அக்கா,

எடுத்தாயிற்று. நேற்றுப் பகல் 1.10.

ஹைக்கே சொன்ன வழி இது. சொல்லைத் திரும்ப எடுக்கிறவன் அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், கொம்பைத் தொடாமல் நின்று "தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒரு வருடம் வட்டத்துக்கு வெளியே. எட்டு நாளுக்கும் வரக்கூடாது.

ஹைக்கே கடைசிவரை தடுத்தா. "கவிஷன், அவர் இறந்திருப்பார் என்று உனக்கே தெரியும்தானே. ஏன் உன்னையே வெளியில் தள்ளுகிறாய்?" நான் "இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றேன். அந்தச் சொல் என் வாயில் வருவது எனக்கே புதிது. வேலையில் ஓர் அளவை எழுதிக் கொடுத்தால் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாத காகிதம் திரும்பி வரும். அத்தான் விஷயத்தில் நான் அதை எழுதாமலே கையெழுத்து வைத்திருந்தேன்.

ஊவே மரம் அறுக்கும் கைவாள் கொண்டுவந்தார். அத்தானின் பெயர் முனையில் இருந்ததால் வெட்டுவது சுலபம். அம்மாவின் பெயர் பலகையிலேயே இருக்கட்டும். அம்மாவின் உடம்பை நாங்கள் இருவரும் கண்டோம். அறுக்கும்போது ஊவே கேட்டார், "இவர் என்ன வேலை பார்த்தார்?" இந்த நாட்டில் இதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "றேடியோ திருத்துவார். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவில் பாடவைப்பார். பெடலை மிதிப்பது நான்" என்றேன். "அப்போ உன் வேலை அங்கேதான் தொடங்கியது" என்றார். ஓம் என்றேன். உங்களிடமும் இதை நான் சொன்னதில்லை.

துண்டின் நீளம் 23 சென்ரிமீற்றர். எரித்தால் அனுப்பியதாகும், புதைத்தால் குழி வெட்டியதாகும், எறிந்தால் அவமதிப்பு என்கிறா ஹைக்கே. அவர்களின் வழக்கத்தில் இப்படி ஒரு துண்டுக்கு இடம் இல்லை. ஐயரைக் கேட்டாலும் இருக்காது என்று நினைக்கிறேன். இப்போதைக்கு என் அலுமாரியின் மேல், றவுட்டருக்குப் பக்கத்தில்.

21ஆம் திகதி அவர்கள் நெருப்பு மூட்டுவார்கள். எனக்குப் போக இடம் இல்லை. அவர்களைத் தவிர இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை. வேலையில் வெள்ளிக்கிழமை "சந்தோசமான வார இறுதி" என்பார்கள், திங்கட்கிழமை "எப்படி இருந்தது?" என்பார்கள். "நல்லது" என்பேன். இடையில் இருக்கும் இரண்டு நாளும் நான் வாய் திறப்பது கடைக் காசாளரிடம் மட்டும். இரக்கத்துக்காக எழுதவில்லை. தகவலுக்காக.

கவிஷன்


நொய்கெல்ன்
14.12.2024

தம்பி,

நேற்றுக் கார்த்திகை விளக்கீடு. கோயிலுக்குப் போனேன். தட்டு வருகிற இடத்தில் முன்னுக்கே போய் நின்றேன். அதே மனுசி. நெற்றியை நீட்டி, "அவரைக் காணேல்லை அக்கா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வையுங்கோ" என்றேன். என் முகத்தைப் பாராமல் அவசரமாக வைத்தா. பத்மா பின்னால் நின்று, "வடிவா வையுங்கோ, மூக்கில கொட்டுது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துண்டைத் தபாலில் போடாதே. ஏற்கெனவே ஒருதரம் அவரை ஆரோ ஏற்றி அனுப்பினவர்கள். றவுட்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம். அவர் றேடியோவுக்குப் பக்கத்தில் எதையும் வைக்க விடமாட்டார், இரையும் என்பார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத ஏலாது. இன்னும் இல்லை.

21 சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை.

அக்கா


எர்லாங்கன்
17.12.2024, மாலை 6.05

அக்கா,

கடிதம் நேற்று வந்தது. கடைசி வரியை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்பது கீழே இருக்கிறது. பிழையாக விளங்கியிருந்தால் வெள்ளிக்கு முன் வட்ஸ்அப் தடுப்பை எடுத்து 'வராதே' என்று ஒரு சொல் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் வருகிறேன். செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஊவேயின் தோட்டப் படலையடியில் ஒரு கட்டு விறகு வைப்பேன். உள்ளே போகமாட்டேன். அவர்களின் நெருப்புக்கு என் பங்கு.

2. சனி காலை பேர்லின் றெயில். துண்டு என் மடியில் இருக்கும். மேல்தட்டில் வைக்கமாட்டேன். பக்கத்து ஆள் என்னவென்று கேட்டால் "அத்தான்" என்பேன்.

3. அன்று 10.20க்குச் சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்பும். நான் றெயிலில் இருப்பேன். யாருக்கும் எதையும் ஊற்றமாட்டேன். யன்னலால் பார்ப்பேன்.

4. துண்டை எங்கே வைப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். சாமித்தட்டு வேண்டாம், அம்மாவின் படம் மாட்டிய சுவரும் வேண்டாம். என் யோசனை, வாசலில் திறப்புச் சாவிகள் மாட்டுகிற இடம். அது வெளியில் போய் வருகிற ஆட்களின் இடம்.

5. வியாழன்வரை நிற்கலாமென்றால் உங்கள் யன்னலில் ஒரு கிண்ணம் பியர் வைப்பேன். கேட்டுவிட்டுத்தான். இல்லையென்றால் படிக்கட்டு யன்னலில்.

6. தட்டு மனுசியைக் கண்டால் வாயைத் திறக்கமாட்டேன். முயற்சி செய்வேன்.

7. சாப்பிட்ட பிறகு அத்தானைப் பற்றிக் கேட்பேன். எனக்குத் தெரிந்தது றேடியோவும் பஸ்ஸும் மட்டும். நடுவில் உள்ளதெல்லாம் உங்களிடம். உங்களுக்கு அழுகை வந்தால் நான் எழும்பிப் போகமாட்டேன். எனக்கு வந்தால் நீங்களும் போகாதீர்கள். இரண்டு பேர் அழுததால் ஓர் ஆள் செத்துப்போவதில்லை. இதற்கு என்னிடம் சான்று ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.

கவிஷன்